ஏழாம் கணினியிலிருந்து எல்லாருக்கும்

கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்து. நெட் சென்ட் என்று அடித்து ஓர் இடைவெளி விட வேண்டும். பிறகு யாருக்கு அனுப்புகிறோமோ அந்தக் கணினியின் பெயர். இன்னோர் இடைவெளி. பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்லி என்டரைத் தட்டினால், சுவருக்கு அந்தப் பக்கம் "டிங்" என்று ஒரு சத்தம் கேட்கும். அங்கே இருப்பவர் எதைச் செய்துகொண்டிருந்தாலும் அதன் மேல் ஒரு சின்னப் பெட்டி வந்து குந்திக்கொள்ளும். எந்தக் கணினியிலிருந்து வந்தது, எத்தனை மணிக்கு வந்தது, என்ன செய்தி, எல்லாம் அதில் இருக்கும். "ஓகே" என்பதை அழுத்தும்வரை அது போகாது. அழுத்திவிட்டால் பெட்டி மறைந்துவிடும். பிறகு அதைத் தேடிப் பார்க்க ஓரிடமும் இல்லை.

அப்படி மறைந்துபோவதுதான் எங்களுக்குப் பிடித்திருந்தது. அந்த நாட்களில் மட்டக்களப்பில் ஒரு சொல்லைச் சொன்னால் அது எங்கெல்லாம் போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

நான் வேலை செய்த நிவாரண அலுவலகம், எங்கள் பேச்சில் கந்தோர், வாவியோரத்தில் ஒரு பழைய வீடு. முன்னறையில் வரவேற்பு மேசை. அதை அடுத்து மேலாளரின் அறை. அங்கிருந்து நீளமான ஒரு நடை வீட்டின் பின்பக்கம் வரை போகும். நடையின் நடுவில் விபரம் பதியும் அறை. அதுதான் என் இடம். அதை ஒட்டி, ஒரு காலத்தில் சாமான் அறையாக இருந்த சின்ன அறைக்குள் சேர்வர். பின்னால் மேலும் இரண்டு அறைகள், பிறகு கிணறு, மதில், மதிலில் ஒரு தகரக் கதவு. கதவைத் திறந்தால் கண்டல் செடியும் சேறும் தண்ணீரும். எங்கள் பக்கத்தில் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம்.

எல்லாமாகப் பதினொரு கணினிகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஓர் இலக்கம் ஒட்டியிருக்கும். அந்த இலக்கந்தான் அதன் பெயரும். ஒட்டியவர் கணினிகளைப் பார்த்துக்கொண்ட களுவாஞ்சிக்குடிக்காரர். என்னைவிட இரண்டு வயது கூடியவர். சேர்வர் அறையே கதியென்று கிடந்ததால் சேர்வர் அண்ணன் என்று கூப்பிடுவோம். தடித்த உடம்பு. சிரித்தால் முதலில் வயிறு சிரிக்கும், பிறகுதான் முகம். இந்தக் கட்டளையைக் கந்தோருக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். உள்ளே கூப்பிட்டுக் கதைக்கும் ரெலிபோன் பழுதாகி, திருத்த ஆள் வராத ஒரு மாதத்தில் எல்லாருக்கும் காட்டிக் கொடுத்தார்.

"ஒருத்தருக்கு அனுப்புறதெண்டா இலக்கத்தப் போடுங்க. எல்லாருக்கும் எண்டா நட்சத்திரம். ஆனா நட்சத்திரத்தில கை வைக்காதீங்க. பதினொரு மெஷினும் ஒண்டாக் கத்தும்."

முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. சாப்பாட்டுப் பார்சல் வந்துவிட்டது, இன்றைக்குக் கணவாய்க்கறி, மெடம், அதுதான் மேலாளர், நல்ல கோபத்தில் இருக்கிறா. இப்படித்தான் அனுப்பிக்கொள்வோம். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்போம்.

பிறகு வடக்குக் கரையோரத்துச் சனம் இடம்பெயர்ந்து வந்தது. ஆயிரமாயிரமாய் வந்தார்கள். பள்ளிக்கூடங்களும் கோயில் வளவுகளும் முகாம்களாயின. எங்கள் கந்தோரின் வேலை அவர்களைப் பதிவது. குடும்பத் தலைவரின் பெயர், மனைவி, பிள்ளைகள், ஒவ்வொருவரின் வயது, ஆணா பெண்ணா, இப்போது எந்த முகாமில் எந்தக் கூடாரத்தில். அரிசியும் பாலுமாவும் கொடுக்கத்தான் அந்த விபரம். ஆனால் பதினாறு வயதுப் பையன் எந்தக் கூடாரத்தில் படுக்கிறான் என்பதும் அதில் இருந்தது. பிள்ளைகளைப் பிடித்துப் படையில் சேர்க்க, அதைத் தேடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

யார் என்று நாங்கள் சொல்லிக்கொள்வதில்லை. "அவங்க" என்றால் எல்லாருக்கும் விளங்கும். சேர்ட்டை வெளியே விட்டிருப்பார்கள். உட்காரும்போது இடுப்புப் பக்கம் சேர்ட் மடிந்து ஓரிடத்தில் புடைத்துக்கொண்டு நிற்கும். மரியாதையாகக் கதைப்பார்கள். அந்த மரியாதைதான் எனக்குக் கூடப் பயம்.

அதன்பிறகு செய்திப் பெட்டி விளையாட்டுப் பொருளாக இருக்கவில்லை. வரவேற்பு மேசையில் ஐம்பது தாண்டிய, போர்த்துக்கீச வழிவந்த ஒரு பறங்கிப் பெண் இருந்தா. அன்ரி என்போம். போர்த்துக்கீசப் பாட்டுப் பாடிக்கொண்டே மட்டக்களப்புத் தமிழில் ஏசுகிற ஆள். அவங்க கேற்றுக்குள் கால் வைத்ததும் அன்ரியின் விரல் விசைப்பலகையில் ஓடும். எங்கள் திரையில் பெட்டி வரும். ஒரே ஒரு சொல்: "மழை". நாங்கள் படிவங்களை அலுமாரியில் போட்டுப் பூட்டிவிட்டு வேறு ஏதாவது தாளை முன்னால் வைத்துக்கொள்வோம். வெளியே வெயில் எரித்துக்கொண்டிருக்கும்.

எந்த டிங் சத்தத்துக்கும் அலுமாரிச் சாவியைத் தேடத் தொடங்கியது அப்போதுதான். வீட்டில் பக்கத்து வீட்டுக்காரரின் சைக்கிள் மணி அடித்தாலும் கை தானாக மேசையைத் துழாவும்.

எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர்களில் ஒருவர் மாங்கேணிக்காரர். முப்பது வயதிருக்கும். கடல் தொழில் செய்த குடும்பம். அவர் மனைவியும் கைக்குழந்தையும் இடம்பெயர்ந்தவர்களோடு ஒரு முகாமில்தான் இருந்தார்கள். காலையில் முகாமுக்குப் போய்ப் பதிவார், கந்தோருக்கு வந்து காலியாயிருக்கிற ஏதாவது ஒரு கணினியில் குந்தி அன்றைய விபரத்தை அடிப்பார். கதை குறைவு. என்னைத் தங்கச்சி என்பார்.

ஒரு திங்கட்கிழமை அவங்க முகாமில் வைத்து அவரிடம் அந்த விபரத்தைக் கேட்டிருக்கிறார்கள். அவர் கந்தோரில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அதோடு நிறுத்தவில்லை. அன்று பின்னேரமே வளர்ந்த பிள்ளைகள் இருந்த நாலைந்து குடும்பங்களிடம் போய், பிள்ளைகளைச் சொந்தக்காரர் வீடுகளுக்கு அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். மறுநாள் அந்தக் கூடாரங்களில் பிள்ளைகள் இல்லை. யார் சொன்னது என்பது மூன்றாம் நாள் அவங்களுக்குத் தெரிந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். என் கணினி அதற்கு முதல்நாள் புகைந்து செத்துப்போயிருந்தது. அதனால் அதே அறையில் யன்னலோரம் இருந்த ஏழாம் கணினியில் குந்தியிருந்தேன். கூட வேலை செய்கிற இருவரும் முகாமுக்குப் போயிருந்தார்கள். அறையில் நான் மட்டும்.

டிங். "மழை."

படிவங்களைப் பூட்டினேன். முன்னறையில் குரல் கேட்டது. மெல்லிய குரல். மாங்கேணி அண்ணனின் பெயரைச் சொல்லிக் கேட்டது.

"அவர் ஃபீல்டுக்குப் போயிற்றாரே" என்றா அன்ரி.

"இல்லயே. சைக்கிள் நிக்குதே வெளியில."

"சைக்கிள் நிக்கும். ஆள் வாகனத்தில போனவர்."

"சரி, மெடத்தக் கண்டிட்டுப் போறம். வாகனம் ஆர் ஆரு கொண்டுபோன எண்டு கொப்பி இரிக்குமே."

கதிரை இழுபட்டது. ஒருவன் மேலாளரின் அறைக்குள் போனான். மற்றவன் நடை தொடங்குகிற இடத்தில் வந்து நின்றான். என் அறையிலிருந்து அவன் ஆள் தெரியவில்லை. நிலத்தில் நீண்டு கிடந்த நிழலும், செருப்புப் போட்ட ஒரு காலும்தான் தெரிந்தன. அந்தக் கால் பெருவிரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

மாங்கேணி அண்ணன் ஃபீல்டுக்குப் போகவில்லை. கால் மணித்தியாலத்துக்கு முன்தான் தேத்தண்ணீர்க் கோப்பையோடு என் வாசலைக் கடந்து பின்பக்கம் போனார். அங்கே இரண்டு அறைகளிலும் எட்டிலிருந்து பதினொன்று வரை நாலு கணினிகள். அவர் எதில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அன்ரி "மழை" அனுப்புவது மேலாளருக்கும் விபர அறைக்கும் மட்டும். பின்னால் இருந்தவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. எழுந்து போகலாம் என்றால் நடையில் கால் வைத்த உடனே அவன் காண்பான். கூப்பிடலாம் என்றால் குரல் கேட்கும்.

மேலாளரின் கதவு திறந்துதான் இருந்தது. வாகனக் கொப்பி வந்துவிட்டால் இரண்டு நிமிடம். அதில் அவர் பெயர் இல்லை என்று கண்டுவிடுவார்கள்.

கறுப்புத் திரையைத் திறந்தேன். எட்டுக்கு அனுப்பினேன். அனுப்பப்பட்டது என்று ஒரு வரி வந்தது. பின்னால் ஆள் அசைகிற ஓர் அசுமாத்தமும் இல்லை. எட்டில் ஆளில்லாமல் இருக்கலாம். இருந்தும் ஆள் எழும்பாமல் இருக்கலாம். ஒன்பதுக்கு அடித்தேன். விரல் வழுக்கி இலக்கம் பிழைத்தது. அப்படியொரு பெயர் இல்லை என்றது. முன்னறையில் கொப்பியின் தாள் புரளும் சத்தம் கேட்டது போலிருந்தது.

நட்சத்திரத்தைப் போட்டேன்.

யோசிக்காமல் போடவில்லை. ஒரு கணம் யோசித்தேன். மேலாளரின் திரையிலும் வரும். ஆனால் அந்தத் திரை அவவின் பக்கம் திரும்பியிருக்கிறது. முன்னால் இருக்கிறவனுக்கு அதன் முதுகுதான் தெரியும். மேலாளரோ பனி பெய்கிற ஏதோ ஒரு நாட்டுப் பெண். தமிழ் தெரியாது. வந்ததும் ஓகேயை அழுத்திவிடுவா. அவ்வளவுதான் என் கணக்கு.

"அவங்க வந்திட்டாங்க. ஆத்துப் பக்கத்தால போங்க." என்டர்.

சத்தத்தை நான் யோசித்திருக்கவில்லை. வீடு முழுக்க ஒரே நேரத்தில் மணி அடித்தது. முன்னறையில் டிங், பக்கத்தில் டிங், சேர்வர் அறையில் டிங், பின்னால் டிங் டிங் டிங். நடையில் தாளம் போட்ட பெருவிரல் நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை.

எங்கள் மேலாளர் மூன்று மாதமாகத் தமிழ் படித்துக்கொண்டிருந்தா; அந்த அவசரத்தில் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. கிழமைக்கு இரண்டு நாள் ஓர் ஆசிரியர் வருவார். கடைப் பலகை, மருந்துச் சீட்டு, எதைக் கண்டாலும் உரத்து வாசித்துப் பார்ப்பா. சரியாக வாசித்துவிட்டால் குழந்தை மாதிரிச் சந்தோசப்படுவா. அன்றைக்குத் திரையில் வந்தது ஆங்கில எழுத்து. அது அவவுக்குத் தமிழெழுத்தைவிடச் சுகம்.

திறந்த கதவால் அந்தக் குரல் நடை முழுக்கக் கேட்டது.

"அ... வங்க... வந்... திட்... டாங்க. ஆத்து... பக்கத்... தால... போங்க." பிறகு முன்னால் இருந்தவனிடம், புத்தகத் தமிழில், "ஆத்து? ஆத்து என்றால் என்ன, தம்பி?"

கதிரை பின்னால் தள்ளுப்படும் சத்தமும், அவன் அவவின் திரையைத் தன் பக்கம் திருப்பும் சத்தமும் வந்தன.

நான் எழுந்தேன். கறுப்புத் திரையை மூட வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. மூன்று எட்டு வைத்து என் சொந்த மேசைக்குப் போய், செத்துப்போன கணினிக்கு முன்னால் குந்தி, கையில் கிடைத்த தாளைப் பிடித்துக்கொண்டேன். அதை மேசையில் விரித்து வைத்தேன்.

சேர்வர் அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவில் ஒரு கதவு உண்டு. அது திறந்தது. சேர்வர் அண்ணன் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேரே ஏழாம் கணினிக்குப் போய்க் குந்தி, திரையில் இருந்ததை மூடினார். அவர் கை மவுஸில் இருக்கும்போதே, மேலாளரின் அறையில் இருந்தவன் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டான். மற்றவன் நடையால் பின்பக்கம் ஓடுகிற சத்தம் கேட்டது.

வந்தவன் கணினிகளின் நெற்றியைப் பார்த்துக்கொண்டே வந்தான். ஐந்து, ஆறு, ஏழு.

"ஏழு ஆருர மெஷின்?"

"பொது மெஷின். எல்லாத்தையும் நான்தான் பாக்கிறன்" என்றார் சேர்வர் அண்ணன்.

"இப்ப அனுப்பினது நீயா?"

மேலே விசிறி சுழன்றது. நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் அதுதான். அந்த இடம் எவ்வளவு நீளமாக இருந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு வசனம் சொல்லி முடிக்கிற அளவு நீளம்.

"ஓம்" என்றார் அவர்.

"ஆருக்கு?"

"எல்லாருக்கும்."

அவன் என் பக்கம் திரும்பினான். இருபத்தைந்து வயதுகூட இராது. நெற்றியில் திருநீறு. "தங்கச்சி, நீங்க இஞ்சதானே இருந்தீங்க. இவர்தான் அனுப்பினதா?"

"நான் இந்த ஃபோமைப் பாத்துக்கொண்டிருந்தன்" என்றேன்.

அதுதான் நான் சொன்னது. பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை.

மற்றவன் திரும்பி ஓடி வந்தான். தகரக் கதவு திறந்து கிடக்கிறதாம். பத்தாம் கணினிக்குப் பக்கத்தில் தேத்தண்ணீர் இன்னும் சுடுகிறதாம். ஆற்றில் ஒரு தோணி தூரத்தில் போகிறதாம், அவனா என்று தெரியவில்லையாம். திருநீறு பூசியவன் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு சேர்வர் அண்ணனின் தோளில் கை வைத்தான்.

"அப்ப நீங்க வாங்க. கொஞ்சம் விசாரிக்கணும்."

அவர் எழுந்தார். அவ்வளவு தடித்த மனிதர், எழும்பும்போது கதிரையும் அவரோடு எழும்பி விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. மேலாளர் வெளியே ஓடி வந்து, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அவங்க வந்த வான் வண்டிக்கு முன்னால் நின்றா. அவர்கள் அவவைத் தள்ளவில்லை, வானைப் பின்னால் எடுத்துத் திருப்பிக்கொண்டு போனார்கள். புழுதி அடங்கிய பிறகும் அவ அட்டையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றா. தான் வாசித்தது என்ன என்று அன்ரி சொன்ன பிறகுதான் அவவுக்கு விளங்கியது. படியில் குந்திவிட்டா. அதற்குப் பிறகு அவ எதையும் உரத்து வாசித்ததை நான் கேட்கவில்லை.

மூன்று நாள்.

பொலிசில் முறைப்பாடு எழுதினார்கள். மேலாளர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் ரெலிபோனில் கதைத்துக்கொண்டே இருந்தா. நான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போனேன். போகாவிட்டால் ஏன் போகவில்லை என்று யாராவது நினைப்பார்கள் என்ற பயம். போனால், அவர் அங்கே வாய் திறந்திருப்பாரோ, அடுத்த வான் எனக்கோ என்ற பயம். என்னை நான் வெறுத்தது அதில்தான். அவரை என்ன செய்கிறார்களோ என்று கலங்குவதைவிட, அவர் என்ன சொல்கிறாரோ என்று கலங்கிய நேரம் கூட. வீட்டில் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா யன்னலைச் சாத்திவிட்டு வந்து, "வாய மூடிக்கொண்டு இரு புள்ள. அவர் ஆம்புள. உன்னக் கொண்டுபோனா நான் எங்க போய்த் தேடுறது?" என்றா.

இரண்டாம் நாள் சேர்வர் அண்ணனின் தாய் களுவாஞ்சிக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்தா. வரவேற்பறையில் காலைத் தூக்கி மடித்துக் கதிரையில் குந்தியபடி பின்னேரம்வரை இருந்தா. அன்ரி என்னிடம் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டா. தாய் கோப்பையை வாங்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டா.

"நீயும் உள்ளதான் வேல செய்யிறயா புள்ள?"

"ஓம் அம்மா."

"என்ர மகன் என்னகா செஞ்சவன்? அவன் ஒரு வம்புதும்புக்கும் போகமாட்டானே. என்னமோ கடிதம் அனுப்பினானாமே. ஆருக்கு அனுப்பினவன்?"

"எனக்குத் தெரியா அம்மா" என்றேன். அவ என் கையைத் தடவிக்கொடுத்தா. பயப்படாதே என்று எனக்கு ஆறுதல் சொன்னா.

நாலாம் நாள் விடியற்காலை, மீன் வாங்கப் போன ஒருவர் ஊர் எல்லைப் பாலத்தடியில் அவர் குந்தியிருப்பதைக் கண்டு கூட்டி வந்தார். உயிரோடு இருந்தார். நடந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த ரெலிபோன்களால் விட்டார்கள் என்றார்கள் சிலர். தேடின ஆள் அகப்படாததால் இவரை வைத்து இனி என்ன செய்வது என்று விட்டார்கள் என்றார்கள் வேறு சிலர். இடது காது மட்டும் கேட்காமல் போய்விட்டது. அடித்த அடி காதோடு பட்டிருந்தது.

இரண்டு கிழமை கழித்து வேலைக்கு வந்தார். மெலிந்திருந்தார். யாரோடும் கதைக்காமல் ஒன்றாம் கணினியில் தொடங்கி ஒவ்வொன்றாய்ப் போனார். செய்தி அனுப்புகிற அந்த வசதியை நிறுத்திக்கொண்டு வந்தார். ஏழாம் கணினிக்கு வந்தபோது அறையில் நாங்கள் இருவர்தான்.

"அண்ணன்" என்றேன். அவர் திரும்பவில்லை. இடது பக்கம் நிற்கிறேன் என்று பிறகுதான் விளங்கியது. மறுபக்கம் போனேன். "அண்ணன், அண்டைக்கு..."

"கதைக்காத" என்றார். கை கட்டளையை அடித்துக்கொண்டே இருந்தது. "ஏழுல நீதான் இருந்த எண்டு தெரிஞ்சுதான் வந்தன்."

"எனக்காக நீங்க..."

"உனக்காக இல்லகா." இப்போதுதான் என்னைப் பார்த்தார். "என்னப் பெரிய வீரன் எண்டு நினைக்காத. திரைய அழிச்சிட்டு ஓடிருவம் எண்டுதான் வந்தன். அவன் வந்திட்டான். நீயா எண்டு கேட்டான். இல்லெண்டா மறுகா ஆரெண்டு கேப்பான். உன்னக் காட்ட வாய் வரல்ல. அவ்வளவுதான். வந்திருந்தா காட்டியிருப்பன்."

"அங்க கேட்டவங்களா?"

"கேட்டாங்க." இன்னொரு வரியை அடித்து என்டரைத் தட்டினார். "ரெண்டாம் நாள் சொல்லுவம் எண்டுதான் நினைச்சன். சொல்லத் தொடங்கேக்க உன்ர பேர் மறந்துபோச்சு. மெய்யாத்தான். எவ்வளவு யோசிச்சும் வரல்ல." வயிறு குலுங்கப் பார்த்தது, குலுங்கவில்லை. "அம்மாட்ட மட்டும் இதச் சொல்லிராத. அவ தாங்கமாட்டா."

இதைக் கேட்டு நான் அழுதேனா என்று இப்போது நினைவில்லை. அவர் எட்டாம் கணினிக்குப் போனது நினைவிருக்கிறது.

மாங்கேணி அண்ணன் தப்பிவிட்டார். பத்தாம் கணினியில் பெட்டி வந்த உடனே செருப்பைக்கூடப் போடாமல் இறங்கியிருக்கிறார். கண்டலுக்குள் இறால் வலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் தன் தோணியில் ஏற்றித் தெற்கே கொண்டுபோய் விட்டிருக்கிறார். ஒரு பாதிரியார் மூலம் பிறகு மனைவியையும் குழந்தையையும் எடுத்துக்கொண்டார். எட்டு மாதம் கழித்துக் கந்தோருக்கு ரெலிபோன் எடுத்தார். அன்ரி எனக்குத் தந்தா. எங்கிருந்து என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"தங்கச்சி, அண்டைக்கு அத அனுப்பினது ஆரு? சேர்வர் அண்ணனா?"

ரெலிபோனை யாரும் கேட்டுக்கொண்டிருக்கலாம். அந்த நாளில் எல்லாரும் அப்படித்தான் நினைப்போம். ஆனால் அது மட்டும் காரணமில்லை.

"ஓம்" என்றேன். "அவர்தான்."

"கடவுள் மாதிரி" என்றார் அவர்.

அடுத்த வருசம் சேர்வர் அண்ணன் வளைகுடா நாடொன்றுக்குப் போனார். ஒரு காது போதுமான வேலை என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் இருக்கும்வரை, தாயிடம் சொல்லாதே என்ற சொல் எனக்கு வசதியாக இருந்தது. போன பிறகு அந்தச் சொல்லே என்னைத் தின்றது. ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிக் களுவாஞ்சிக்குடிக்குப் போனேன். வழியில் இரண்டு சோதனைச் சாவடிகளில் படையினர் இறக்கி ஏற்றினார்கள். இறங்கிய ஒவ்வொரு முறையும், இது திரும்பிப் போகச் சொல்கிற அறிகுறி என்று நினைத்தேன்.

தாய் முற்றத்துப் பாயில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தா. என்னை அடையாளம் கண்டுகொண்டா. "தேத்தண்ணி கொண்டுவந்த புள்ளதானே நீ" என்று சிரித்தா. நான் நின்றபடியே சொன்னேன். குந்திவிட்டால் சொல்லமாட்டேன் என்று தெரியும். அனுப்பியது நான், கேட்டபோது பேசாமல் இருந்தது நான், உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு தெரியாது என்றதும் நான்.

அவ நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே கேட்டா. நான் முடித்த பிறகும் ஒரு சுற்றுக் கிளறினா.

"இத ஏன்கா எனக்குச் சொல்ற?"

அவ கிளறுவதை நிறுத்தினா.

"உன்ர பாரத்த இறக்கவா வந்த? அவன் ஒரு காத விட்டவன். நீ என்னத்த விட்ட?"

"ஒண்ணுமில்ல அம்மா."

"அண்டைக்கு நீ சொல்லியிருந்தா உன்னக் கொண்டுபோயிருப்பாங்க. உனக்கு என்ன நடந்திருக்கும் எண்டு எனக்கு விளங்காதா? எனக்கும் பொம்புளப் புள்ள இரிக்கு." குரல் உடைந்தது. அதைச் சரிசெய்துகொண்டு சொன்னா. "விளங்குது. ஆனா எனக்கு உன்னப் பாக்க ஏலாது. போ."

நான் கேற்றடிக்கு வந்துவிட்டேன். பின்னாலிருந்து அவ குரல் கேட்டது.

"றோட்டால போகாத. சந்தையடியில சுத்திவளைப்பாம். கோயில் வீதியால போய் ஏறு. அடையாள அட்டையக் கையில வச்சிரு."

அவ சொன்ன வழியால்தான் போனேன். பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. முதலாம் சாவடியில் எல்லாரும் இறங்கி வரிசையில் நின்றோம். எங்கே போய்விட்டு வருகிறாய் என்று கேட்டார்கள். தெரிந்தவர் வீட்டுக்கு என்றேன். யார் அவர் என்றார்கள். என்னோடு வேலை செய்தவரின் தாய் என்றேன். அட்டையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தந்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற பெண்ணைத் தனியே கூப்பிட்டார்கள். பஸ் அவவுக்காகப் பத்து நிமிடம் நின்றது. பிறகு அவ இல்லாமலே புறப்பட்டது. நான் அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு யன்னலோரம் குந்தியிருந்தேன்.